உங்களுக்குத் தெரியுமா... இல்ல, சும்மா நினைக்கிறீங்களா?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயந்துடாதீங்க, எண்ணே வராத கணக்கு!

மதியம் மூணு மணி. காலேஜ் கேன்டீன் வாசல். "மணி எங்கடா?"ன்னு யாரோ கேட்கிறாங்க. செல்வா எட்டிப் பார்க்கிறான். ஹாஸ்டல் வாசல்ல மணியோட பைக் நிக்குது. அதே நசுங்கின டேங்க், அதே சிவப்பு ஸ்டிக்கர். "ரூம்லதான் இருக்கான்"னு சொல்லிட்டு டீயை உறிஞ்ச ஆரம்பிச்சுட்டான் செல்வா.

விஷயம் என்னன்னா, முந்தாநாளே அந்த பைக்கை ஒரு ஜூனியருக்கு வித்துட்டான் மணி. இன்னிக்கு அதை ஓட்டிட்டு வந்து நிறுத்தினது அந்த ஜூனியர். ஆனா நம்ம மணி? பஸ் பிடிச்சு வந்து, ரூம்ல இழுத்துப் போர்த்திக்கிட்டுக் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கான்! ஆக, செல்வா சொன்னது சரிதான்.

இப்போ கேள்வி. மணி ரூம்ல இருக்கான்ங்கிறது செல்வாவுக்குத் 'தெரியுமா'? இல்ல, அவன் சும்மா அப்படி 'நினைச்சான்', அது தற்செயலா சரியாப் போச்சா?

பேப்பர் ஓரத்துல பென்சிலால பதிலை எழுதிடுங்க. யோசிச்சு மாத்தக் கூடாது. ஏன்னா இந்த மாதிரிக் கதைக்கு மனசு சட்டுனு சொல்ற பதில் இருக்கே, அதுக்குத்தான் 'உள்ளுணர்வு'ன்னு பேரு. அந்த உள்ளுணர்வு உலகம் பூரா ஒண்ணா, இல்ல ஊருக்கு ஊர் வேறயாங்கிற சண்டை தத்துவ உலகத்துல கால் நூற்றாண்டா நடந்துக்கிட்டு இருக்கு. அந்தச் சண்டையில நம்ம ஊர்க்காரங்க பேரும் அடிபட்டுச்சுங்கிறதுதான் சுவாரஸ்யம்.

மூணே மூணு பக்கம்!

ஒரு விஷயம் 'தெரியும்'னு சொல்லணும்னா மூணு தகுதி வேணும்னு ஒரு கணக்கு இருந்தது. ஒண்ணு, நீங்க அதை நம்பணும். ரெண்டு, அது உண்மையா இருக்கணும். மூணு, நம்புறதுக்கு உருப்படியான காரணம் இருக்கணும். கிரேக்க ஞானி பிளேட்டோவே அலசிப் பார்த்த கணக்கு இது. கேட்க நல்லாத்தான் இருக்கு இல்லையா?

1963-ல் எட்மண்ட் கெட்டியர்னு ஒருத்தர் வந்தார். அமெரிக்காவோட டெட்ராய்ட் நகரத்துல, வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இளம் ஆசிரியர். 'அனாலிசிஸ்' என்ற தத்துவ இதழில் மூணே பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதுல நம்ம செல்வா கதை மாதிரியே ரெண்டு கதை. கதையில வர்ற ஆள் நம்புறார், அது உண்மையும்கூட, காரணமும் இருக்கு. ஆனாலும் அவருக்கு அது 'தெரியும்'னு சொல்ல நமக்கு நாக்கு வராது. ஏன்னா அவர் சரியாச் சொன்னது அதிர்ஷ்டத்துல!

மூணு பக்கத்துல அந்தப் பழைய கணக்கு ஆட்டம் கண்டுபோச்சு. கெட்டியர் 2021-ல் காலமானார். அந்த மூணு பக்கத்துக்கு அப்புறம் அவர் வெளியிட்டது ரொம்பக் கொஞ்சம். ஆனா அதுக்குப் பதில் சொல்றோம்னு மத்தவங்க எழுதினதை அடுக்கினா லைப்ரரில ஒரு அலமாரி பத்தாது!

சரி, கெட்டியர் சொன்னது சரின்னு எப்படி முடிவு பண்ணினாங்க? லேப்ல சோதனை கிடையாது. டெலஸ்கோப் கிடையாது. கதையைப் படிச்சாங்க, "இதைத் தெரியும்னு நாம சொல்ல மாட்டோம்"னு மனசு சொல்லுச்சு. அவ்வளவுதான் ஆதாரம்.

இங்கதான் ஒரு குறும்பான கேள்வி. அந்த 'நாம' யாரு?

ரட்கர்ஸில் வெடித்த குண்டு

2001-ல் ஜொனாதன் வைன்பெர்க், ஷான் நிக்கல்ஸ், ஸ்டீபன் ஸ்டிச்னு மூணு தத்துவவாதிகள் அந்தக் கேள்வியை நேராவே கேட்டுட்டாங்க. ரிச்சர்ட் நிஸ்பெட் என்கிற உளவியல் பேராசிரியர், கிழக்கத்தியர்களும் மேற்கத்தியர்களும் யோசிக்கிற விதமே கொஞ்சம் வேறன்னு சொல்லிக்கிட்டு இருந்த நேரம் அது. அப்போ தத்துவக் கதைகளுக்கும் அவங்க வேற வேற பதில் சொல்வாங்களோ?

நியூ ஜெர்சியில இருக்கிற ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள்கிட்ட ஒரு பேப்பரை நீட்டினாங்க. அதுல இருந்த கதை இதுதான். பாப் என்பவருக்கு ஜில்னு ஒரு தோழி. ஜில் ரொம்ப வருஷமா ப்யூக் கார் வெச்சிருக்காங்க. ப்யூக் அமெரிக்க கார். அதனால "ஜில் ஓட்டுறது அமெரிக்க கார்"னு பாப் நினைக்கிறார். ஆனா அந்த ப்யூக் சமீபத்துல திருடு போயிடுச்சு. அதுக்குப் பதிலா ஜில் வாங்கினது பான்டியாக். அதுவும் அமெரிக்க கார்தான்! இதெல்லாம் பாப்புக்குத் தெரியாது. இப்போ சொல்லுங்க, ஜில் ஓட்டுறது அமெரிக்க கார்னு பாப்புக்கு நிஜமாவே தெரியுமா, இல்ல சும்மா நம்புறாரா?

மேற்கத்திய மாணவர்கள்ல முக்கால்வாசிப் பேர் "சும்மா நம்புறார்"னு டிக் அடிச்சாங்க. கெட்டியர் ஜெயிச்சார். ஆனா கிழக்காசிய மாணவர்கள்ல பாதிக்கும் மேல "நிஜமாவே தெரியும்"னு சொன்னாங்க. இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளி மாணவர்கள்ல அது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, பத்துல ஆறு பேர்!

தத்துவ உலகம் ஆடிப்போச்சு. ஆடாம என்ன பண்ணும்? 'அறிவுன்னா என்ன'ன்னு ஆராய்ச்சி பண்றதா நினைச்சுக்கிட்டு, 'எங்க பேராசிரியர்கள் எதை அறிவுன்னு சொல்றாங்க'ன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்திருக்கோமோங்கிற பயம். அறையை விட்டு வெளியே போய் ஆளுங்களைக் கேட்கிற இந்த பாணிக்கு 'சோதனைத் தத்துவம்'னு பேரே வந்துச்சு. "இந்தியர்கள் அறிவைப் பற்றி வேற மாதிரி நினைக்கிறவங்க"ன்னு புத்தகங்கள்ல, வகுப்புகள்ல பேச ஆரம்பிச்சாங்க.

நீங்களும் நானும் கைநாட்டு வைக்காமலே நம்ம சார்புல ஒரு முடிவு பதிவாகிடுச்சு!

அந்த 23 பேர்

கொஞ்சம் பொறுங்க. அந்த 'இந்தியர்கள்' எத்தனை பேர் தெரியுமா? 23.

கோடி இல்ல, ஆயிரம் இல்ல. உங்க க்ளாஸ்ல ரெண்டு பெஞ்ச் வரிசை. அதுல 14 பேர் "தெரியும்", 9 பேர் "நம்புறார்". அந்தப் பதினாலுல மூணு பேர் மட்டும் பேனாவை அடுத்த கட்டத்துல வெச்சிருந்தா, 11-க்கு 12-ன்னு ஆகி, பெரும்பான்மையே கவிழ்ந்திருக்கும். அதுவும் இவங்க எல்லாரும் அமெரிக்காவுல ஒரே யுனிவர்சிட்டியில படிச்சவங்க. கேட்டது இங்கிலீஷ்ல. மதுரையிலயோ, பாட்னாவுலயோ, டாக்காவுலயோ யாரும் யாரையும் கேட்கவே இல்லை.

ஆராய்ச்சி பண்ணினவங்களை வில்லனாக்க வேண்டாம். "நீங்க கேட்காமலேயே முடிவு பண்றீங்க"ன்னு அவங்க போட்ட சண்டை நியாயமானது. ஆனா 23 பேரைக் கேட்டுட்டு ஒரு துணைக்கண்டத்தைப் பத்தி முடிவுக்கு வர முடியாதே!

அப்புறம் என்ன ஆச்சு? மறுபடி கேட்டாங்க. மின்சுன் கிம், யுவான் யுவான் ரெண்டு பேரும் அதே கார் கதையை எடுத்து திரும்ப சோதிச்சாங்க. ஹமீத் சையத்சயம்தோஸ்த் தனியா ஒரு சோதனை நடத்தினார். ரெண்டும் 2015-ல் வெளிவந்தது. பழைய வித்தியாசம் ரெண்டுலயும் தேறலை.

அடுத்தது இன்னும் பெரிசு. அமெரிக்கா, பிரேசில், இந்தியா, ஜப்பான்னு நாலு நாட்டுல, அந்தந்த ஊர் ஆராய்ச்சியாளர்களையும் சேர்த்துக்கிட்டு ஒரு குழு களத்துல இறங்கிச்சு. எடுவார்ட் மஷேரி தலைமை. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துல தத்துவம் கற்பித்த அமிதா சாட்டர்ஜியும் குழுவில் உண்டு. இன்னொரு பேரைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஸ்டீபன் ஸ்டிச்! 2001-ல் குண்டு போட்ட அதே ஸ்டிச்தான். தன் முடிவை தானே மறுபடி பரிசோதிக்கிற இடத்துல போய் உட்கார்ந்தார் பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

முடிவு? நாலு நாட்டுலயும் கெட்டியர் பக்கம்தான் ஜனங்க சாய்ஞ்சாங்க. அதுக்கப்புறம் 23 நாடுகள்ல 24 இடங்கள், 17 மொழிகள்னு வலையை விரிச்சுப் பார்த்தாங்க. எல்லா இடத்துலயும் ஒரே சதவீதம் வரலை. ஆனா "அதிர்ஷ்டத்துல சரியாப் போறது அறிவு ஆகாது"ங்கிற நினைப்பு ஒரு நாட்டோட சொத்து இல்லைங்கிறது தெளிவாச்சு.

உங்க பென்சில் பதிலை இப்போ பாருங்க. "நினைச்சான்"னு எழுதியிருந்தா உங்களுக்குத் துணை ஏராளம். "தெரியும்"னு எழுதியிருந்தாலும் கவலைப்படாதீங்க. எல்லா நாட்டுலயும் உங்க கட்சிக்கு ஆள் இருக்கு!

காஷ்மீரில் ஒரு கெட்டியர்

இதுல பெரிய தமாஷ் என்னன்னா, "இந்தியர்களுக்கு இந்த உள்ளுணர்வு இல்லை"ன்னு சொன்னப்போ, பழைய சம்ஸ்கிருத நூல்களைப் புரட்டினவங்க சிரிச்சிருப்பாங்க.

எட்டாம் நூற்றாண்டுல தர்மோத்தரர்னு ஒரு பௌத்தத் தத்துவவாதி. காஷ்மீரில் இருந்தவர். அவர் சொன்ன கதை இது. ஒருத்தர் இறைச்சி சுட இப்பத்தான் தீ மூட்டியிருக்கார். இன்னும் புகை வரலை. இறைச்சி வாசத்துக்குப் பூச்சிக் கூட்டம் மேலே மொய்க்குது. தூரத்துல இருந்து பார்க்கிறவர் அதைப் புகைன்னு நினைச்சு, "அங்க தீ இருக்கு"ன்னு முடிவு பண்றார். தீ இருக்கத்தான் செய்யுது! ஆனா அவருக்குத் தெரியுமா?

இன்னொண்ணு. பாலைவனத்துல தாகத்தோட போறவர் கானல் நீரைப் பார்த்து ஓடுறார். போய்ப் பார்த்தா, அதே இடத்துல பாறைக்கு அடியில நிஜமாவே தண்ணி! கிடைச்சதாலேயே முன்னாடி பார்த்தது அறிவு ஆயிடுமா? ஆகாதுங்கிறதுதான் தர்மோத்தரர் கட்சி.

பன்னிரண்டாம் நூற்றாண்டுல ஸ்ரீஹர்ஷர் இன்னும் சுருக்கமா மடக்கினார். ஒருத்தர் கையை மூடிக்கிட்டு "உள்ளே எத்தனை சோழி?"ன்னு கேட்கிறார். எதிர்ல இருக்கிறவர் குத்துமதிப்பா "அஞ்சு" என்கிறார். திறந்தா அஞ்சு! இது அறிவா, லக்கா?

கெட்டியருக்குக் கிட்டத்தட்ட 1,200 வருஷம் முன்னாடியே கெட்டியர் கதை இங்கே வந்தாச்சு. உடனே காலரைத் தூக்கி விட்டுக்காதீங்க. 'நாமதான் முதல்ல'ங்கிறது இல்ல விஷயம். ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டே இராத ரெண்டு பேர், ரெண்டு காலத்துல, ரெண்டு மொழியில, ஒரே இடத்துல தடுக்கி விழுந்திருக்காங்க. அந்தக் கல்லு அங்க நிஜமாவே இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்போ எல்லாரும் ஒண்ணுதானா?

அதுவும் அவசர முடிவுதான்! வேற கதைகளைப் போட்டா படம் மாறுது.

பேரை எடுத்துக்குங்க. குர்ட் கோடெல்னு ஒரு கணித மேதை. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு பெரிய தேற்றத்தைக் கண்டுபிடிச்சவர்ங்கிறது மட்டும்தான். ஒரு பேச்சுக்கு, அந்தத் தேற்றத்தை நிஜமாக் கண்டுபிடிச்சது ஷ்மிட்னு ஒருத்தர், கோடெல் அதைத் திருடிட்டார்னு வெச்சுக்குவோம். இப்போ நீங்க 'கோடெல்'னு சொன்னா அது யாரைக் குறிக்குது? அந்தப் பேரு வெச்ச திருடரையா, தேற்றம் கண்டுபிடிச்ச ஷ்மிட்டையா? தத்துவவாதி சால் கிரிப்கி 1970-ல் பிரின்ஸ்டன் சொற்பொழிவுகள்ல போட்ட புதிர் இது. 2004-ல் மஷேரி குழு ரட்கர்ஸ்லயும் ஹாங்காங்லயும் இதைக் கேட்டப்போ, அமெரிக்க மாணவர்கள் பேரு வெச்ச ஆள் பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க, ஹாங்காங் மாணவர்கள் ஷ்மிட் பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க. இதை வேற வேற ஆட்கள் திரும்பத் திரும்ப சோதிச்சும் வித்தியாசம் தாக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரே ஊருக்குள்ளேயே ரெண்டு கட்சியும் இருந்ததை மறந்துடக் கூடாது.

தப்பு, சரி விஷயத்துல? தெரியாம செஞ்ச தப்புக்கும் வேணும்னே செஞ்ச தப்புக்கும் வித்தியாசம் பார்க்கிறோம் இல்லையா? கிளார்க் பாரெட் குழு பத்து சமூகங்கள்ல இதைச் சோதிச்சு 2016-ல் வெளியிட்டாங்க. லாஸ் ஏஞ்சலிஸ்ல அந்த வித்தியாசம் மலையளவு. பிஜி நாட்டோட யசாவா தீவுல அது ரொம்பக் கம்மி. அடுத்தவன் மனசுல என்ன இருக்குன்னு பேசுறதை அங்க பெரிசா ஊக்குவிக்கிறது இல்லை.

தண்டவாளக் கதை தெரியுமே? தறிகெட்டு ஓடுற வண்டி அஞ்சு பேரைக் கொல்லப் போகுது. நெம்புகோலை இழுத்துத் திருப்பினா ஒருத்தர் சாவார், அஞ்சு பேர் பிழைப்பாங்க. இன்னொரு கதையில நெம்புகோல் கிடையாது, பாலத்து மேல நிக்கிற ஆளைத் தள்ளி விட்டாதான் வண்டி நிக்கும். 42 நாடுகள்ல 70,000 பேர்கிட்ட கேட்டு 2020-ல் முடிவு வந்துச்சு. நெம்புகோலை இழுக்கிறதை விட ஆளைத் தள்ளுறது மோசம்ங்கிற வரிசை எல்லா நாட்டுலயும் ஒண்ணு. ஆனா எத்தனை பேர் சம்மதிக்கிறாங்கங்கிறது நாட்டுக்கு நாடு நிறைய மாறுது.

மொழியும் விளையாடும். நாம 'எனக்குத் தெரியும்'கிறோம், 'நான் நினைக்கிறேன்'கிறோம். தெரியும்னு வந்தா 'நான்' போய் 'எனக்கு' வந்துடுது, கவனிச்சீங்களா? ஜப்பானிய மொழியில 'தெரியும்'ங்கிறதுக்கே ரெண்டு வினைச்சொல் இருக்கு. எதைப் போட்டுக் கேட்கிறோம்ங்கிறதைப் பொறுத்து பதில் மாறும்னு மசஹாரு மிசுமோட்டோ என்ற ஆய்வாளர் எழுதியிருக்கார்.

ஆக, சிலது ஒண்ணு, சிலது வேற. எது எதுன்னு வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே சொல்ல முடியாது. போய்க் கேட்கணும்.

இதுல உங்களுக்கு என்ன?

நிறைய இருக்கு பாஸ்! ரெண்டு வசனத்தை நீங்க தினமும் கேட்கிறீங்க. ஒண்ணு, "இதெல்லாம் யாருமே ஒத்துக்கிற விஷயம்தானே!" இன்னொண்ணு, "நம்ம பக்கமெல்லாம் அப்படி நினைக்க மாட்டாங்க."

வெளியூர்ல வேலை கிடைச்ச பொண்ணுகிட்ட, வேற குரூப் எடுக்க ஆசைப்பட்ட பையன்கிட்ட, காதலைப் பத்தி வாயைத் திறந்தவங்ககிட்ட இந்த வசனம் பாயும். முதல் வசனம் எதிர்த்துப் பேசுறவரைப் பைத்தியமாக்கும். ரெண்டாவது, துரோகியாக்கும். ரெண்டுமே ஆளுங்களைப் பத்தின தகவல். ஆனா சொல்றவர் எத்தனை பேரைக் கேட்டார்? பெரும்பாலும் 23 பேரைக்கூட இல்லை!

தத்துவ வகுப்புலயே இது நடந்துச்சு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தத்துவ உள்ளுணர்வே வேற, பேராசிரியர் சொல்ற 'சரியான' பதில் பெண்களுக்குத் தோணாததால அவங்க பாதியில விலகிடுறாங்களோன்னு வெஸ்லி பக்வால்டரும் அதே ஸ்டிச்சும் ஒரு யோசனையை வெச்சாங்க. நல்லெண்ணத்துல கேட்ட கேள்விதான். டோனி ஆடில்பெர்க் குழுவினர் 2015-ல் நிறையக் கதைகளை வெச்சு சோதிச்சுப் பார்த்தா, அப்படி ஒரு பெரிய வித்தியாசமே தட்டுப்படலை. அப்போ வகுப்பை விட்டுப் பெண்கள் விலகுறதுக்குக் காரணத்தை அவங்க மண்டைக்குள்ள தேடாம, வகுப்புக்குள்ள தேடணும் இல்லையா? ஒரு தப்பான 'அவங்க வேற மாதிரி' எவ்வளவு வசதியா நிஜக் காரணத்தை மறைச்சுடும்னு பாருங்க.

நீங்களே களத்துல இறங்குங்க!

இந்த வாரம் செல்வா கதையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நாலு விதி.

ஒண்ணு: தமிழ்லயே கேளுங்க. "தெரியுமா, நினைச்சானா?" அவ்வளவுதான். கண்ணடிக்கிறது, க்ளூ கொடுக்கிறது கூடாது.

ரெண்டு: கதை புரிஞ்சுதான்னு முதல்ல செக் பண்ணுங்க. "இப்போ பைக் யாரோடது?"ன்னு கேளுங்க. தப்பாச் சொன்னா, அவங்க பதில் கணக்குல சேராது.

மூணு: ஃப்ரெண்ட்ஸை மட்டும் கேட்காதீங்க. வாட்ச்மேன் அண்ணன், மெஸ் அக்கா, லைப்ரரியன் சார், வீட்டுல பாட்டி, எல்லாரையும் கேளுங்க.

நாலு: கேட்கிறதுக்கு முன்னாடியே, யார் என்ன சொல்வாங்கன்னு நீங்க ஒரு லிஸ்ட் எழுதி மடிச்சு வெச்சுக்குங்க. கடைசியில பிரிச்சுப் பாருங்க.

பாட்டி என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே? இல்ல... நினைக்கிறீங்களா?